முதல் எக்ஸ்ரேயில் இருந்த பல்

மணமேல்குடியில் இருக்கும் என் பல் கிளினிக்குக்கு ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தாள். விபத்தில் கருகிப்போனவர் யாரென்று பல் எக்ஸ்ரேயை வைத்தே கண்டுபிடிக்க அவள் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். சோதித்துப் பார்க்க என் பல்லையும் என் உதவியாளர் பல்லையும் புதிதாக எக்ஸ்ரே எடுத்தோம். ஃபைலில் என் பெயரில் இருந்த பழைய படத்தைக் காட்டியதும், இது டாக்டர் இல்லை, உதவியாளர் என்றது கம்ப்யூட்டர்.

"என் பல்லு எனக்குத் தெரியாதாம்மா? மொதல்ல அதுக்கு ஒரு கண்ணாடி வாங்கிப் போடுங்க" என்று எரிந்து விழுந்தேன்.

உதவியாளர் தொண்டையைச் செருமினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எக்ஸ்ரே மெஷின் வந்த அன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கினோம். முதல் படம் முதலாளி பெயரில் இருந்தால்தான் ராசி என்று என் பெயரை எழுதினேன். "ஒண்ணும் ஆகாதுங்க" என்று ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிற நான், கதிர்வீச்சுக்குப் பயந்து, படமெடுக்க எனக்குப் பதிலாக அவரை உட்காரவைத்தேன்.

"நல்லவேளை, நான் எங்கிட்டும் கருகிப்போகல டாக்டர்" என்றார் அவர். "போயிருந்தா என் பொணத்த ஒங்க வீட்டுலதான் எறக்கியிருப்பாங்க. நீங்க வாசல்ல நின்னு, நான் உசுரோட இருக்கேன்னு சொன்னாலும், ஒங்க கையெழுத்துப் போட்ட ஃபைலத்தான் நம்புவாங்க."