கன்னம் உப்பியதைச் சதை என்று நினைத்தேன்

என் இரண்டு வயது மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்து நின்றது. மந்தமாகிவிடும் என்று பயந்து, அதன்பிறகு பருப்பும் முட்டையும் கொடுக்கவில்லை. நடவுக்குப் போய்வரும் அலுப்பில் வெறும் அரிசிக்கஞ்சிதான் ஊற்றினேன்.

சில மாதங்களில் அவள் கன்னமும் காலும் உப்பின. "கொயந்த நல்லா சதை போட்டுக்கீது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கும் பெருமைதான். ஆனால் மகள் விளையாடவே இல்லை, சதா சிணுங்கினாள். முடியும் செம்பட்டையானது.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் நர்சம்மா அவள் காலை விரலால் அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது.

"இது சதை இல்லம்மா, நீர். அரிசியில குறையிற சத்து பருப்புல இருக்கு. ரெண்டும் சேர்ந்தாதான் புள்ள வளரும்."

மூன்று வாரம் அங்கேயே கிடந்தோம். வீக்கம் வடிந்ததும் எலும்பும் தோலுமாகத் தெரிந்த பிள்ளையைப் பார்த்து அழுதேன். நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள்.

இப்போது எவ்வளவு அலுப்பானாலும், கஞ்சியில் ஒரு பிடி பயத்தம்பருப்பு போட்டுக் குழைய வேகவைத்து, அவளுக்கு ஊட்டிவிட்டுத்தான் கழனிக்குப் போகிறேன்.