சுகந்தி ‘கோ’ சொன்ன நாள்

கரம்பொன்னில் கடற்தொழில் செய்கிற வீடுகளில் ‘போறன்’ என்று ஒருவரும் சொல்வதில்லை. வள்ளம் தள்ளப் புறப்படுகிறவர் ‘வாறன்’ என்பார். வாசல் படலையில் நிற்பவள் ‘ஓம், வாங்கோ’ என்பாள். வேறு பேச்சில்லை.

மேரிசுகந்தி முப்பது வயது வரை இந்தப் பழக்கத்துக்குள்ளேயே இருந்தவள். தகப்பன் பஸ்ரியாம்பிள்ளை விடியப்புறம் கடலுக்கு இறங்கிய பிறகு யாராவது வந்து அவரைத் தேடினால், “அப்பா இப்ப வந்திடுவார்” என்பதுதான் அந்த வீட்டுப் பதில். ஆறு வயதில் ஒருமுறை அவள் “அப்பா கடலுக்குப் போட்டார்” என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு எஞ்சின் நின்று, வள்ளம் நெடுந்தீவுப் பக்கம் இழுபட்டு, மறுநாள்தான் அவர் கரை சேர்ந்தார். தாய் செபஸ்தியம்மா அடிக்கவில்லை. ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தச் சொல் தகப்பனைப் பற்றிச் சுகந்தியின் வாயில் வந்ததேயில்லை.

தமிழில் அதனால் ஒரு குறையும் இருக்கவில்லை. ஆங்கிலம்தான் கழுத்தைப் பிடித்தது.

அவளைக் கலியாணம் முடித்து ஒரு மாதம் நின்றுவிட்டு அன்ரனிதாஸ் லண்டனுக்குத் திரும்பியிருந்தான். அவனிடம் போய்ச் சேர வேண்டுமானால் அவள் கொழும்பில் ஆங்கிலத்தில் கதைத்துக் காட்டி ஒரு பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். முதல் தடவை, காலையில் உங்கள் அப்பா எங்கே போவார் என்று பரீட்சகர் கேட்டார். கேள்வி விளங்கியது. ‘ஹீ கோஸ் டு சீ’ என்ற பதிலும் தெரிந்திருந்தது. ஆனால் அந்த நேரம் அப்பா நயினாதீவுக்கு அப்பால் கடலில் நின்றார். சுகந்தி வாயை மூடிக்கொண்டாள். அவர் அதையே மெதுவாகத் திருப்பிக் கேட்டார். அவள் மேசையைப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோதும் ஒரு சொல்லும் எழும்பவில்லை. பெயில்.

ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த துஷாந்தி பக்கத்துச் சரவணை ஊரைச் சேர்ந்தவள், சுகந்தியிலும் வயது குறைந்தவள். காரணத்தைக் கேட்டு முதலில் சிரித்தாள். முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு ஸ்கூட்டியில் கரம்பொன்னுக்கே வந்துவிட்டாள்.

“அக்கா, கோ எண்டது ஆக்களை அனுப்பிற சொல் மட்டும் இல்லை. பெரிய வீட்டு மூத்த மருமகள் மாதிரி, எல்லா வேலையும் அதின்ரை தலையிலைதான். பால் புளிச்சால் கோ. லைற் நிண்டால் கோ. மணி அடிச்சாலும் கோ. எப்பிடிப் பாடு எண்டு கேக்கிறதுக்கும் கோ.”

“பால் பழுதாகுது, லைற் நிக்குது. நல்லதுக்கு ஒண்டும் வராதோ ரீச்சர்?”

“எஞ்சின் நல்லா ஓடினாலும் கோதான்.”

சுகந்தி யோசித்தாள். எஞ்சின் ஓடுவது அந்த வீட்டில் நல்ல செய்தி. “அதைச் சொல்லுவன்” என்றாள். சொன்னாள். பஸ்ஸைச் சொன்னாள், பாலைச் சொன்னாள். தகப்பனுக்கு வந்ததும் நாக்கு நின்றது.

“சரி, அப்ப வேறை சொல் எடுப்பம். லீவ்?”

“அது விட்டிட்டுப் போறதெல்லோ. இவர் என்னை விட்டிட்டு லண்டனிலை நிக்கிறது போதாதோ?”

“டிப்பார்ட்?”

“அது எங்கடை சேமக்காலைக் கல்லறையிலை எழுதிக் கிடக்கு ரீச்சர். நீர் சைவம், உமக்குத் தெரியாது.”

“ஸ்ராட் எண்டு சொல்லிப் பாக்கிறியளோ? வெளிக்கிடுறது.”

“ஹீ ஸ்ராட்ஸ் டு சீ எண்டால் சரியோ?”

“பிழைதான்” என்று துஷாந்தி ஒப்புக்கொண்டாள். அவளுக்கும் சொற்கள் தீர்ந்துபோயின. பரீட்சைக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. இதிலும் தவறினால் விசா அலுவல் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

வேப்பமரத்தடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பஸ்ரியாம்பிள்ளை தலை நிமிராமல் கேட்டார்.

“பிள்ளை, நான் இப்ப எங்கை இருக்கிறன்?”

“வீட்டு முத்தத்திலை.”

“அப்ப சொல்லன்.”

சுகந்தி குசினி வாசலில் நின்ற தாயைப் பார்த்தாள். “மை ஃபாதர் கோஸ் டு சீ” என்றாள் சுகந்தி, பாவசங்கீர்த்தனக் கூட்டில் சொல்வதுபோல.

“கேக்கேல்லை. இன்னொருக்காச் சொல்லு.”

இன்னொருக்கால் சொன்னாள். வேப்பம்பூ உதிர்ந்தது. அவர் நூலைக் கடித்து அறுத்தார்.

“சோதினை எப்ப?”

“வாற வியாழன்.”

“அண்டைக்கு நான் கடலுக்கு இறங்கேல்லை.”

“நல்ல நண்டுப்பாடு எண்டு நேற்றும் சொன்னியள்” என்றாள் செபஸ்தியம்மா.

“நண்டு எங்கை ஓடப்போகுது? ஒரு நாள் நிக்கட்டும்.”

வியாழக்கிழமை காலை, பரீட்சை நடக்கும் கட்டடத்து வாசலில் நின்று சுகந்தி வீட்டுக்கு ஃபோன் எடுத்தாள்.

“எங்கை நிக்கிறியள் அப்பா?”

“கிணத்தடியிலை.”

“வள்ளம்?”

“கரையிலை ஏத்திக் கிடக்கு. உன்ரை கொம்மா நான் நிக்கிறனோ எண்டு ரெண்டு தரம் வந்து பாத்திட்டா. நீ உள்ளை போய்க் கதை.”

இந்த முறை பரீட்சகர் ஒரு பெண். வீட்டைப் பற்றிக் கேட்டாள், சமையலைப் பற்றிக் கேட்டாள், கொழும்புக்கு எப்படி வந்தாய் என்று கேட்டாள். சுகந்தி கதைத்தாள். பஸ் போனது, வெயில் போனது, எஞ்சின் போனது, எல்லாமே தடையில்லாமல் போயின. தகப்பனைப் பற்றி மட்டும் ஒரு கேள்வியும் வரவில்லை. இதற்காக ஒரு மனிதர் தொழிலை விட்டுவிட்டுக் கிணற்றடியில் நிற்கிறார் என்று நினைக்க அவளுக்கு அந்தரமாக இருந்தது. பரீட்சகர் நன்றி சொல்லத் தொடங்கியபோது அவள் தானாகவே சொன்னாள்.

“மை ஃபாதர் கோஸ் டு சீ. ஹீ கோஸ் எவ்ரி டே. டுடே ஹீ இஸ் அற் ஹோம்.”

அவருக்குச் சுகமில்லையா என்று கேட்டாள் பரீட்சகர்.

“நோ. ஃபோர் மீ” என்றாள் சுகந்தி.

அந்தப் பெண்ணுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். வெளியே வந்த சுகந்தி முதல் கண்ட கடைக்குள் நுழைந்து இரண்டு வடையும் ஒரு பிளேன்ரீயும் எடுத்தாள். முதல் நாள் பின்னேரத்திலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் வவுனியா தாண்டும் வரை நித்திரை.

அடுத்த கிழமை ஒரு காலையில் துஷாந்தி முடிவைப் பார்த்துவிட்டு ஃபோன் எடுத்துச் சொன்னாள்: பாஸ். சுகந்தி செருப்பையும் போடாமல் ஃபோனும் கையுமாகக் கரைக்கு ஓடினாள். பஸ்ரியாம்பிள்ளையின் வள்ளம் அப்போதுதான் எஞ்சினை நிறுத்தி, சும்மா மிதந்து வந்துகொண்டிருந்தது. முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி நின்று கத்தினாள்.

“அப்பா, பாஸாம்.”

அவர் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு குதித்தார். முகத்தைக் கட்டியிருந்த சாரத்தால் துடைத்தார். உப்புத் தண்ணீர்தான் துடைத்தார் என்றே வைத்துக்கொள்வோம். பிறகு கேட்டார்.

“அந்தப் பெடியனுக்குச் சொன்னனியே?”

சுகந்தி வாயில் கையை வைத்தாள். அன்ரனிதாசை அவள் நினைக்கவேயில்லை.

“எடு பிள்ளை, எடுத்துச் சொல்லு. பாவம், அவனுமெல்லே பாத்துக்கொண்டு இருக்கிறான்.”

லண்டனில் இன்னும் விடிந்திருக்கவில்லை. நாலைந்து தரம் மணி அடித்த பிறகு ஒரு நித்திரைக் குரல் “என்ன, என்ன” என்று பதறியது. அவள் தண்ணீருக்குள் நின்றபடியே சொல்லத் தொடங்கினாள், கால்களைச் சுற்றிச் சின்ன மீன்கள் ஓடிக்கொண்டிருந்தன.