மெர்சியின் படங்களில் நின்றவர்கள்

மெர்சி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பரளச்சியில், பாதி கட்டிய ஒரு வீட்டின் மாடியில் நின்று, தளத்துக்கு ஒழுங்காகத் தண்ணீர் விடவில்லை என்று மேஸ்திரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். பேசியது மெர்சியின் தம்பி. காலை ஜெபம் முடித்து எழுந்த அக்கா அப்படியே சரிந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். போனை வைத்த பிறகும் நான் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேனாம். மேஸ்திரிதான் பிறகு சொன்னார்.

திறந்த வடிவமைப்புப் போட்டிகளுக்குப் படம் அனுப்புகிறவர்களில் பலருக்கு மெர்சியைத் தெரியும். அப்படி அனுப்புகிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கட்டடக் கலைஞர், ஓவியர், மாணவர், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று எங்காவது ஓர் அறிவிப்பு வந்தால் போதும், அருப்புக்கோட்டையில் எங்கள் குடும்பத்து ஹார்டுவேர் கடைக்கு மேலே இருக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு படம் கிளம்பிவிடும். நூலகம், சந்தை, பூங்கா, பொதுக் கழிப்பறை என்று எதையும் விட்டதில்லை. மதுரையில் ஒரே வகுப்பில் படித்து, ஒன்றாக அலுவலகம் போட்டவர்கள் நாங்கள். வீடு கட்டும் வேலை எங்களுக்குச் சோறு போட்டது. போட்டி மெர்சியின் பைத்தியம். அத்தனையிலும் தோற்றோம். ஆறுதல் பரிசுக்குக்கூட யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. எனக்கு அலுத்துப்போய் வெகு காலமாகிறது.

தோற்றதற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. போட்டிப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கட்டடத்தைச் சுற்றிப் புல்வெளி இருக்கும், பலூன் பிடித்த குழந்தை ஓடும், வானத்தில் பறவைகள் பறக்கும். எல்லாம் கம்ப்யூட்டரில் எடுத்து ஒட்டுவது. மெர்சி ஒட்ட மாட்டார். கட்டடம் வரப்போகும் இடத்தில் போய் நின்று, அங்கே வந்து போகிறவர்களைக் கையால் வரைந்து, அவர்களையே படத்தில் வைப்பார். மரம் என்றால் கருவேலம். தரை என்றால் வெடித்த கரிசல். நான் கொஞ்சம் பச்சை சேர்க்கச் சொல்வேன். “இல்லாத பச்சையத் தெளிச்சு யார ஏமாத்தப் போறோம்லே?” என்பார். பளபளவென்று வரும் படங்களுக்கு நடுவே எங்கள் படம் கல்யாண வீட்டுக்கு வேலை உடுப்போடு வந்த ஆள் மாதிரி நிற்கும்.

ஒருமுறை ஜெயித்துவிடுவோம் போல இருந்தது. எங்கள் ஊரிலேயே பஸ் ஏறும் இடத்துக்கு நிழற்கூரை, ஊரை அறிந்தவர்களுக்கே லாபம் என்று நானும் ஆசையோடு உழைத்தேன். படம் தள்ளுபடி ஆனது. அனுப்பியவர் யாரென்று படத்தில் எந்தத் தடயமும் இருக்கக்கூடாது என்பது எல்லாப் போட்டிகளுக்கும் பொதுவான விதி. மெர்சியின் அப்பா வைத்திருந்த சைக்கிள் கடை அந்த இடத்துக்கு நேர் எதிரே இருந்தது. எதிர்ச்சாரிக் கடைகளை வரைந்த மெர்சி, அப்பாவின் பெயர்ப்பலகையையும் எழுத்துப் பிசகாமல் வரைந்து வைத்திருந்தார். தேவசகாயம் சைக்கிள் மார்ட். போட்டிக்குப் பதிவு செய்த பெயர் தேவசகாயம் மெர்சி. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் அசரவில்லை. “கட அங்கதானலே இருக்கு? இருக்கிறத இல்லன்னு எப்படி வரைய?” என்று கேட்டார். அந்தக் கோபத்தில் ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை.

முடிவு வந்த மறுநாள் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தோற்ற படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுருட்டிக்கொண்டு, அதில் வரைந்தவர்களைத் தேடிப் போவார். ஷேர் ஆட்டோவிலோ பஸ்ஸிலோ போய், அவர்களிடம் விரித்துக் காட்டிவிட்டு, படத்தையும் கொடுத்துவிட்டு வருவார். எனக்கு அது வீண் அலைச்சலாகப் பட்டது, ஒருநாளும் கூடப் போனதில்லை. “ஜட்ஜுமாரு பாத்தாச்சு. இனி இவுகளும் பாக்கணும்ல” என்பார். போய்விட்டு வரும் நாட்களில் மட்டும் அவர் அதிகம் பேச மாட்டார். வெயில் என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசிப் போட்டி, கிராமத்துச் சாலைகளில் வண்டிக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு நிழற்குடை. எம்.ரெட்டியபட்டிக்குச் சாலை பிரியும் விலக்கை மெர்சி தேர்ந்தெடுத்தார். இதுதான் கடைசி, இனி போட்டி என்ற பேச்சே நம் அலுவலகத்தில் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சிரித்தார். அடக்கம் முடிந்து அலுவலகத்தைத் திறந்து பார்த்தால், தூண், கூரை, சுவர், கருவேலம் எல்லாம் முடிந்திருந்தது. ஆட்களுக்கான இடம் மட்டும் காலி. கெடு நெருங்கிவிட்டது. நாலு ஆட்களை எடுத்து ஒட்டி அனுப்பியிருக்கலாம், கேட்க யாரும் இல்லை. அதனால்தானோ என்னவோ, என்னால் முடியவில்லை. எம்.ரெட்டியபட்டிக்குப் போனேன்.

பருத்திக் காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் வெயிலில் நின்றிருந்தார்கள். என் கையில் வரையும் அட்டையைப் பார்த்ததும் ஒரு அம்மா பக்கத்தில் வந்தார். பெயர் பேச்சியம்மாள். அந்தப் படம் போடும் அம்மா வரவில்லையா என்று கேட்டார். சொன்னேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். முன்பு ஒரு போட்டிக்கும் மெர்சி அவரை வரைந்திருக்கிறார். நின்ற கோலத்தில்.

“அடுத்த தடவ ஒங்கள உக்கார வச்சுப் போடுறேம்னு சொல்லிட்டுப் போனாக” என்றார் பேச்சியம்மாள்.

அவரை உட்கார வைத்தே வரைந்தேன். மெர்சி போட்டிருந்த சிமென்ட் திண்டில், முதுகைச் சுவரில் சாய்த்து, தூக்குவாளியைப் பக்கத்தில் வைத்து. என் கோடு மெர்சியின் கோடு மாதிரி வராது. ஆனாலும் அது பேச்சியம்மாள்தான். பச்சை சேர்க்காமல் அனுப்பினேன்.

முடிவு போன வாரம் வந்தது. நாங்கள் இல்லை. ஜெயித்த படத்தில் புல்வெளி இருந்தது.

மறுநாள் படத்தை அச்சடித்துச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பேச்சியம்மாள் அதே இடத்தில் நின்றிருந்தார். ரோட்டோரத்தில் விரித்துக் காட்டினேன். கூட நின்ற பெண்கள் எட்டிப் பார்த்து அவரைக் கேலி செய்தார்கள். அவரோ, படத்தில் தான் உட்கார்ந்திருப்பதையே வெகு நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

“இத எப்பங்க கட்டுவாக?”

படத்தைக் காட்டிவிட்டு வந்த நாட்களில் மெர்சி ஏன் பேசாமல் இருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அவர் தேடிப்போய் வாங்கிவந்தது இந்தக் கேள்வியைத்தான். அதை எனக்குக் கொடுக்காமல் இத்தனை வருஷமும் தனியாகவே சுமந்திருக்கிறார். மெர்சி என்ன பதில் சொல்வார் என்று பேச்சியம்மாளிடமே கேட்டேன்.

“‘இன்னொருக்கா கேட்டுப் பாக்கோம்மா’ன்னு சொல்லுவாக” என்றார்.

வண்டி வந்தது. அவர் படத்தைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு ஏறினார், உள்ளே உட்கார இடம் இருந்ததா என்று தெரியவில்லை.

மெர்சியின் அளவுகோல்களைத் தம்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியை மட்டும். கனமாகத்தான் இருக்கிறது. அலுப்பும் தீரவில்லை. திருச்சுழியில் ஒரு சந்தைக்குப் போட்டி அறிவித்திருக்கிறார்கள். நாளைக் காலை அங்கே போய் நின்று, யார் யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.