வெள்ளிராவுப் புகை

பேட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற பீர் முகம்மதுவுக்கு நல்ல கை. வாய்தான் கொஞ்சம் முந்தும். வைத்தியர் நாடி பிடித்தாவது பார்ப்பார். இவன் போனிலேயே நோயைச் சொல்லிவிடுவான். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்து தொலைக்கும். அந்தத் தெம்பில்தான் சித்தி ஜனாபா என்ற அம்மாள் வீட்டு விஷயத்திலும் வாயை விட்டான்.

சித்தி ஜனாபாவின் மகன் சுஹைல் ஷார்ஜாவில் இருக்கிறான். மருமகள் தஸ்மியா வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுக்கிறாள். மாமனார் கடைசிக் காலத்தில் படுத்துக் கிடந்த அறையில்தான் அவளுடைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்குள் பிராசசரின் சூட்டைத் தணிக்கிற புதுக் கூலர் மாட்டியவனும் பீர் முகம்மதுதான். அன்று வெள்ளிக்கிழமை. வேலை முடிகிற நேரத்தில் ஜும்மாவுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். அவசர அவசரமாகத் திருகுகளை முடுக்கினான், திரை ஒளிர்ந்தது, தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினான்.

கொஞ்ச நாளில் தஸ்மியா போன் செய்தாள். அண்ணன் முறையில் அவனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். “காக்கா, பெரிய படமாத் தொறந்தா சூடாகி அணைஞ்சு போவுது.”

அந்த அறை மூலையில் சாம்பிராணிக் கரண்டி இருந்தது பீர் முகம்மதுவுக்கு நினைவு வந்தது. யோசிக்கவே இல்லை. “சாம்பிராணி போடுதீங்கள்லா, அதான். அந்தப் பிசுக்கு பூரா பேன்ல ஒட்டிக்கிடும். மொதல்ல அத நிறுத்தச் சொல்லு” என்றான்.

வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும் மஃரிபு தொழுதுவிட்டு, வெள்ளிக்கிழமை பிறக்கிற வெள்ளிராவு என்று வீடெங்கும் புகை காட்டுவது சித்தி ஜனாபாவின் வழக்கம். கணவர் மவுத்தான பிறகு அந்த அறையில்தான் அதிக நேரம் நிற்பார். மருமகளின் பிழைப்பு கெடுகிறதே என்று அன்றே நிறுத்திவிட்டார். கரண்டி பரணுக்குப் போனது. ஆனாலும் கம்ப்யூட்டர் அணைவது நிற்கவில்லை. தஸ்மியா மறுபடியும் அழைத்தபோது, “பழைய பிசுக்கு இருக்கும்லா, ஒருநா வந்து தொடைக்கேன்” என்றான். அந்த ஒருநாள் வருவதற்குள் பல வியாழக்கிழமைகள் போய்விட்டன. வாங்கிய பத்திரிகை வேலைகளைத் தஸ்மியா ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தாள்.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வந்து மூடியைக் கழற்றினான். விரலால் தட்டினான், பேன் ஒழுங்காகச் சுற்றியது. அதன் கீழே இருந்த அலுமினியத் தகடுகளில் பிசுக்கும் இல்லை, தூசியும் இல்லை. கடையில் வாங்கியபடியே பளபளத்தன. பீர் முகம்மது கம்ப்யூட்டரை ஓட விட்டான். பிராசசரின் சூடு திரையில் மளமளவென்று ஏறியது. தகட்டில் கைவைத்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது.

பிராசசர் கொதிக்கும்போது தகடு குளிர்ந்திருந்தால், சூடு மேலே வரவே இல்லை என்று அர்த்தம். இது அவனுக்குத் தெரியாததல்ல. கூலரைக் கழற்றித் திருப்பினான். அடியில் ஒட்டி வருகிற மெல்லிய பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. அதன் மேலேயே சூட்டைக் கடத்துகிற பேஸ்ட்டைத் தடவி வைத்திருந்தான். உறையைப் பிரிக்காமல் மிட்டாயைத் தின்ற கதை. தொழுகைக்கு ஓடிய அவசரத்தில் செய்த வேலை.

யாரும் பார்க்கவில்லை. தாளை உரித்துச் சட்டைப்பையில் திணித்தான். துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து, கூலரை மாட்டினான். தஸ்மியா வந்து தன் பெரிய படத்தைத் திறந்தாள். சூடு கொஞ்சம் ஏறி, அடங்கி நின்றது. அவள் முகம் மலர்ந்தது.

வாசல் நிலையைப் பிடித்தபடி நின்ற சித்தி ஜனாபா, “எம் புகைதான வாப்பா?” என்று கேட்டார்.

“ம்” என்றான் பீர் முகம்மது.

“நான்தான் கெடுத்துட்டேன். சின்னப் பிள்ள எத்தன நாளு மொகம் வாடிக் கெடந்தா.”

அந்தச் சொல்லை அவனால் தாங்க முடியவில்லை. தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. தாளை வெளியே எடுத்து நீட்டினான். “சாச்சி, புகையில்ல. நான்தான். இத உரிக்காம மாட்டிட்டேன். பாக்காமலே உங்க மேல பழியப் போட்டுட்டேன்.”

தஸ்மியா அவனை முறைத்தாள். சித்தி ஜனாபா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். “அப்ப, பரண்ல இருக்க கரண்டிய எடுத்துத் தா” என்று மட்டும் சொன்னார்.

மஃரிபு முடிந்ததும் கரண்டியில் கங்கு போட்டுச் சாம்பிராணி தூவினார். கூடம், அடுப்படி, புறவாசல் என்று பைய நடந்தார். எல்லா இடமும் முடிந்து கணவரின் அறை வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

“உள்ள வாங்க மாமி” என்றாள் தஸ்மியா.

“சாச்சி, ஒண்ணும் ஆவாது. அல்லா மேல ஆணையா ஆவாது” என்றான் பீர் முகம்மது.

“நீ சொல்லுதது சரிதான் வாப்பா. ஆனா நாளைக்கு வேற எதுனாலயாவது அணைஞ்சு போச்சுன்னா, நான் இந்தப் பிள்ள மொகத்த எப்பிடிப் பாப்பேன்?”

புகை உள்ளே போய்விடாதபடி கரண்டியைக் கையால் மறைத்துக்கொண்டு, அவர் அடுப்படிப் பக்கம் திரும்பி நடந்தார்.