விசிட் விசாவுக்கும் ஓட்டு

துபாய் கராமாவில் எங்கள் அறையில் அரசியல் பேச என்னை விட்டால் ஆள் கிடையாது. ஊரில் தேர்தல் வந்தால், எந்தத் தொகுதியில் யார் கரைசேருவார் என்று கட்டிலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொல்வேன். ஆனால் என் விரலில் இதுவரை மை பட்டதில்லை. ஒவ்வொரு தேர்தலின்போதும் நான் இங்கே டியூட்டியில் இருப்பேன். "ஓட்டே போடாத ஆளுக்கு வாய் மட்டும் காது வரைக்கும்" என்று என் மனைவி போனில் சொல்வதில் தப்பில்லை.

எங்கள் அறையில் மெஸ் உண்டு. முறை வைத்துச் சமைப்போம். மெஸ் பொறுப்பாளர் மட்டும் சமைக்க வேண்டாம். சாமான் வாங்கிப் போட்டால் போதும். அந்தப் பதவியில் கீழக்கரை பாய் ஒருவர் இருந்தார். அதன்மேல் எனக்கு ஒரு கண். மக்கள் சேவை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குச் சமையல் வராது. என் முறை வரும் நாளில் பாதிப் பேர் ஓட்டலுக்குப் போய்விடுவார்கள். அந்த அவமானம் நிஜமாகவே வலித்தது.

தேர்தல் வைக்கலாம் என்றேன். "வைப்போமே" என்றார் பாய். வேலை விசாவில் இருந்த ஆறு பேரில் என்னோடு சேர்த்து மூன்று பேர் என் பக்கம், மற்றவர்கள் பாய் பக்கம். விசிட் விசாவில் வேலை தேடிப் புதிதாக இரண்டு பேர் வந்திருந்தார்கள். அறை வழக்கப்படி அவர்களுக்கு எதிலும் பேச்சில்லை. என் சமையலையும் அவர்கள் இன்னும் சாப்பிட்டதில்லை. சட்டென்று எனக்கு ஜனநாயகம் பொங்கியது.

"பாத்திரம் கழுவுறாங்க, காய் நறுக்குறாங்க, மெஸ் காசும் குடுக்குறாங்க. ஓட்டு மட்டும் கிடையாதா? என்னய்யா நியாயம்?" என்று நடு அறையில் நின்று முழங்கினேன்.

"குடுத்துருவோம்" என்றார் பாய். அவர் அவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் தேர்தல். ரைஸ் குக்கர்தான் பெட்டி. எனக்குக் கொண்டைக்கடலை, பாய்க்குப் பாசிப்பயறு. யார் எதைப் போடுகிறார் என்று தெரியாமலிருக்க மேலே ஒரு துண்டு. துண்டுக்கடியில் கையை விட்டபோது எனக்குப் புல்லரித்தது. அரைக்கிழவனான பிறகு போடும் முதல் ஓட்டு.

திறந்து பார்த்தால் கடலை மூன்று, பயறு ஐந்து.

விசிட் விசாக்காரர்களில் ஒருவர், புதுக்கோட்டைக்காரர், சங்கடமாகச் சிரித்தார். "ஓட்டு வாங்கிக் குடுத்தது நீங்கதாண்ணே, இல்லேங்கல. ஆனா பாய் வாங்குற மீனு நல்லாருக்குல்ல?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் வாங்கிக் கொடுத்த ஓட்டு எனக்கே வராதா?

மறுநாள் என் முறை. பாய் வாங்கி வந்த மீனை, அந்தக் கோபம் ஆறுவதற்குள் குழம்பு வைத்தேன். விவரம் தெரிந்தவர்கள் இன்னொரு விசிட் விசாக்காரரையும் இழுத்துக்கொண்டு மெல்ல ஓட்டலுக்கு நழுவினார்கள். புதுக்கோட்டைக்காரர் மட்டும் நம்பி உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். ரொம்ப நேரம் மென்றார். சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, அடுத்த எலெக்‌ஷன் எப்ப?" என்றார். "எங்க ரெண்டு ஓட்டும் உங்களுக்குத்தான்."