பாக்கியவதியின் கடைவாய்

ரஸ்க்கை டீயில் முக்கியதும் பாக்கியவதி எண்ணத் தொடங்குவார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கில் எடுத்துவிட்டால் ஓரம் மெத்தென்று ஆகியிருக்கும். முன்பற்களால் கவ்வி, நாக்கால் மேலண்ணத்தில் நசுக்கி விழுங்கிவிடலாம். "அஞ்சு எண்ணிட்டா டம்ளருக்குள்ளயே சமாதி" என்பார். நடுவில் யார் எதைக் கேட்டாலும் எண்ணிக்கை தவறாது. ரஸ்க் வாய்க்குள் போன பிறகுதான் பதில் வரும்.

ஐம்பத்தாறு வயது. தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா. மூக்கைத் துடைத்துவிடுவது, டிபன் டப்பாவின் இறுகிய மூடியைத் திறந்து கொடுப்பது, ஈரமான டிராயரை மாற்றிவிடுவது. தமிழில் கொஞ்சுவார், கன்னடத்தில் அதட்டுவார். ஹெட்மிஸ் காதில் விழ வேண்டியதை மட்டும் ஆங்கிலத்தில் சொல்வார். அவர் கொட்டாவி விட்டபோது உள்ளே எட்டிப் பார்த்த ஒரு யூகேஜி பெண், ஆயாவுக்கு எப்போது பல் முளைக்கும் என்று கேட்டாளாம். எழுதிப் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை என்று சொல்லி அனுப்பினாராம்.

கீழ்த்தாடையில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நான்கு பற்கள் இல்லை. பத்து வருஷத்தில் ஒவ்வொன்றாகப் போனவை. வேர் சிகிச்சைக்கு நான்கு முறை வரச் சொல்வார்கள். பிடுங்க அரைநாள் லீவு போதும். அதனால் ஒவ்வொரு முறையும் பிடுங்கிக்கொண்டு மதியமே பள்ளிக்குத் திரும்பிவிட்டார். கழற்றி மாட்டும் பல் செட் ஒன்றும் அலமாரியில் இருக்கிறது. சர்ச்சில் கல்யாணம் என்றால் மட்டும் வெளியே வரும். "அது பல்லு இல்லம்மா, செருப்பு. புதுசுல கடிக்கும், பழசானா கயண்டுடும்."

பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும் வீட்டுக்கு விரைவார். எங்கள் லைன் வீடுகளில் அவருக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் கட்டிலில் அவர் கணவர் எட்மண்ட் உட்கார்ந்திருப்பார். சுரங்கத்தில் பாறையில் துளை போட்டவர். சுரங்கத்தை மூடிய பிறகு, பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக்கு வாட்ச்மேனாக ரயிலில் போய்வந்தார். ஒருநாள் ஸ்டேஷன் படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். கல்தூசு நுரையீரலில் இறுகிப்போயிருக்கிறது என்றார்கள். இப்போது கட்டிலருகில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. மென்றால் அவருக்கு மூச்சு வாங்கும். அதனால் ராகிக் கஞ்சி, இல்லையென்றால் குழைய வடித்துப் பருப்போடு மசித்த சோறு.

பாக்கியவதி அதையே இரண்டு கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டு எதிரே உட்காருவார். "உங்களுக்கு மூச்சு இல்ல, எனக்குப் பல்லு இல்ல. ஒரே பானை போதும்." மூன்று வருஷமாக இதுதான் அந்த வீட்டின் சாப்பாட்டு வேளை ஜோக். கறியைப் பொடியாக நறுக்கிப் போட்டால் பாக்கியவதியால் சாப்பிட முடியும். பள்ளியின் கிறிஸ்துமஸ் விருந்தில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். வீட்டில் மகள் நிக்கோல் பிரியாணி வாங்கி வந்தால், எனக்கு ஆகாது என்று தள்ளிவிடுவார்.

நிக்கோலுக்குப் பெங்களூரில் வேலை. ஜனவரியில் அம்மாவை அங்கே ஒரு பல் கிளினிக்குக் கூட்டிப்போனாள். தாடை எலும்பில் திருகாணி இறக்க வேண்டும், எலும்பு அதைப் பற்றிக்கொள்ள மூன்று நான்கு மாதம் ஆகும், பிறகு அதன்மேல் பல் வைக்கலாம் என்றாராம் டாக்டர். எக்ஸ்ரேயில் எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருந்தது. இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் திருகாணிக்கு இடம் இருக்காது. மேல்பற்களும் காலியிடத்தை நோக்கி இறங்கத் தொடங்கியிருந்தன. இதைக் கேட்ட எட்மண்ட், "கீய தாங்கறதுக்கு ஒண்ணு இல்லன்னா மேல இருக்கறது எறங்கத்தான் செய்யும். இதுக்கு டாக்டரா வேணும்?" என்றார்.

அன்றிலிருந்து பாக்கியவதி காரணங்கள் சொல்லத் தொடங்கினார். சர்க்கரை இருக்கிறது என்றார். பரிசோதித்ததில் கட்டுக்குள் இருந்தது. தவக்காலம் முடியட்டும் என்றார், முடிந்தது. மெஷின் போட்டுத் துளைப்பதை நினைத்தாலே பயம் என்றார். அதற்கு எட்மண்ட் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

உண்மையான காரணத்தைப் பொதுக்குழாயில் போர்வை அலசும்போதுதான் சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை.

"இருவது வருசம் வருமாம்மா அந்தப் பல்லு."

சாவுச் செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னார். போர்வையின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, மறுமுனையைப் பிடித்து முறுக்கினார்.

"இவருக்கு இன்னா சொன்னாங்கன்னு உனுக்குத் தெரியும். ரெண்டு வருசம் தாண்டினா பெருசாம். மீதி வருசம் எல்லாம் யார் எதுர்ல குந்திகினு நான் மெல்றது?"

தண்ணீர் வடியும்வரை முறுக்கினோம்.

எட்மண்டிடம் இதை அவர் சொன்னதில்லை. ஆனால் ஒரே அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் எதை ஒளிக்க முடியும்? போன ஞாயிற்றுக்கிழமை நிக்கோல் கிளினிக்கின் சம்மதப் படிவத்தோடு வந்தாள். இந்த மாதமே தேதி தருகிறார்கள், கையெழுத்து மட்டும் வேண்டும் என்றாள். எங்கள் லைனில் கன்னடத்திலோ இங்கிலீஷிலோ எந்தத் தாள் வந்தாலும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். படித்து, தமிழில் சொல்லி, நிரப்பித் தருவேன். கூட இருந்த நிக்கோலே செய்திருக்கலாம். அவள் படித்தால் பாதியை விழுங்கிவிடுவாள் என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

வீக்கம் வரலாம், உதடு மரத்துப்போகலாம், சில சமயம் எலும்பு திருகாணியை ஏற்காமலும் போகலாம் என்று வரி வரியாகச் சொன்னேன். "பாத்தியா, அதுவே வேணாம்னு எய்திக்கீது" என்று பாக்கியவதி எழுந்தார்.

எட்மண்ட் அவர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

"குந்து. பல்லு இல்லாமலே இவ்ளோ பேசற. நாலு வந்துச்சின்னா ஆண்டர்சன்பேட்டையே காலி பண்ணிகினு ஓடிடும்."

நிக்கோல் சிரித்தாள். எட்மண்ட் மூச்சு திரும்பும்வரை காத்திருந்தார். தலைப்பை விடவில்லை.

"நான் போனப்புறம் வச்சிக்கலாம்னு பாக்காத பாக்கியம். நான் இருக்கசொல்லயே பண்ணிக்கோ. நீ எலும்பு கடிக்கறத நான் பாக்கணும். எனக்குக் கஞ்சி, உனுக்குக் கறி. எதுர்லயே வச்சித் துன்னு. எனக்கு அதுல இன்னா கொறைஞ்சிடும்?"

பாக்கியவதி மறுபடி உட்கார்ந்தார். "சரி, எய்தும்மா" என்றார், என்னைப் பார்க்காமல்.

பெயர், வயது, சாப்பிடும் மாத்திரைகள் என்று எழுதிக்கொண்டே போனேன். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஓர் இடம் இருந்தது. "யாரை? அவரைத்தான்" என்றார் பாக்கியவதி. எட்மண்ட் என்று எழுதினேன்.

எட்மண்ட் பேனாவைக் கேட்டு வாங்கினார். தாளைத் தொடைமேல் வைத்து, தன் பெயரின் மீது நேராக ஒரு கோடு இழுத்தார். அதன் பக்கத்தில், ஷிப்ட் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகிய பெரிய இங்கிலீஷ் எழுத்துகளில் மகள் பெயரை எழுதினார். "கூப்ட்டா எழுந்து ஓடறவங்க பேர் இருக்கணும்" என்றார். நிக்கோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாக்கியவதி அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேனாவை எடுத்தார். மகள் பெயரை அடிக்கவில்லை. கட்டத்துக்குள் இடம் இல்லாததால், தாளின் வெற்று ஓரத்தில், எழுத்துக் கூட்டித் தமிழில் எட்மண்ட் என்று எழுதினார். எழுதி முடித்ததும், அவருக்கு எட்டாதபடி அந்தப் பெயரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.