எடைக்காரி செத்தாளா, லாரி நின்றதா

அந்தக் கடைசி நான்கு பக்கங்களைக் கிழித்தது நீதான். பூச்சி அரித்துவிட்டது என்று கதை விடாதே. பூச்சி ஸ்கேல் வைத்துக் கிழிக்காது. கணக்கு வாத்தியார்தான் கிழிப்பார்.

அது என் புத்தகம். ஆறாவது படிக்கும்போது காரிமங்கலம் சந்தையில் பழைய புத்தகக் குவியலில் பொறுக்கிய பேய் காமிக்ஸ். மலைக்கு அடியில் ஓர் ஊர். மூடுபனி இறங்கினால் செத்தவர்களை ஏற்றிக்கொண்டு, ஓட்ட ஆளில்லாத லாரி ஒன்று மலையிலிருந்து வரும். எதிரில் நிற்பவர்களையும் அள்ளிக்கொண்டு போகும். படித்துவிட்டு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன். அதற்குப் பிறகு கடைசிப் பக்கங்களைத் திறந்ததே இல்லை. முடிவும் மறந்துவிட்டது.

நான் எடைமேடையில் வேலை செய்கிறேன். லாரி மேடையில் ஏறி நிற்கும், எடைச்சீட்டு அடித்துக் கொடுப்பேன். ஞாயிறு மதியம் வண்டி வராது. அப்போதுதான் நீ அந்த விளையாட்டோடு வந்தாய். கூட கிரேன் அண்ணன். தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த லாரிகளைத் தூக்குவது அவர் பிழைப்பு.

"நான் கதை சொல்லுவேன்க்கா. உங்க ஹீரோ என்ன பண்றாங்கன்னு நீங்க சொல்லணும். நடக்குதா இல்லயான்னு பகடை சொல்லும்."

"லீவு நாள்லயும் பாடம் நடத்த வந்துட்டியா வாத்தியாரே?" என்றார் அண்ணன். ஆனால் நாற்காலியை முதலில் இழுத்துப் போட்டவர் அவர்தான்.

எடைச்சீட்டின் பின்பக்கத்தில் ஹீரோக்களை எழுதினோம். அண்ணனின் ஆளுக்குக் கை கொக்கியாக நீளும்.

"அது நீங்களேதானண்ணா. இதுல என்ன சக்தி?" என்றாய்.

"என் கிரேன்ல ரோப்பு அறுந்துடும். இவனுக்கு அறுவாது. போதுமா?"

என் ஆள் எடைக்காரி. தொட்டால் எந்தப் பொருளையும் கனமாக்குவாள், லேசாக்குவாள்.

முதல் சில வாரம் சப்பென்று இருந்தது. வில்லன் வருவான், அடிப்போம், டீ குடிப்போம். பயம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அந்தக் காமிக்ஸை உன்னிடம் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு நீ வேறு ஆளாக வந்தாய். எங்கள் ஹீரோக்களை அந்தக் காமிக்ஸ் ஊருக்குள் இறக்கினாய். ஊரைத் தொப்பூர் கணவாய்க்குக் கீழே வைத்தாய். சக்திக்கு விலையும் வைத்தாய். எடைக்காரி எதை லேசாக்கினாலும் அவள் உடம்பிலும் எடை குறையும். எவ்வளவு என்று நீ காமிக்ஸை மறைப்பாக நிறுத்தி, அதன் பின்னால் பகடை போடுவாய். பூஜ்யத்துக்கு வந்தால் அவள் பனியோடு பனி.

அறுபது கிலோவில் ஆரம்பித்தவள் பதினொரு கிலோவுக்கு வந்துவிட்டாள். அப்போதுதான் அந்த லாரியை இறக்கினாய். பனி, சரிவு, உள்ளே செத்தவர்கள், கீழே ஊர்ச்சனம். நாங்கள் அலறுவோம் என்று பார்த்தாய்.

அண்ணன் நிதானமாகக் கேட்டார். "கியர்ல வருதா, நியூட்ரல்ல வருதா?"

"பேய் லாரிண்ணா அது!"

"பேயா இருந்தா என்ன? டீசல் மிச்சம் புடிக்க நியூட்ரல்ல வுட்டிருப்பான். அப்பறம் பிரேக் சூடாயி புடிக்காது. அத மொதல்ல சொல்லு."

கணவாய்க்குக் கீழே ஊரை வைத்தவனுக்குக் கணவாய் தெரியவில்லை. நான் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது. கடைசியில் "நியூட்ரல்தான்" என்று ஒத்துக்கொண்டாய்.

அந்த வேகத்தில் கியர் விழாது. அதனால் அண்ணனின் ஆள் பின்னாலிருந்து கொக்கி போட்டு இழுக்க வேண்டும். பாரத்தோடு இழுத்தால் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நான் லாரியைத் தொட்டு லேசாக்க வேண்டும். என்னிடம் இருப்பது பதினொரு கிலோ.

"வேணாம்மா, வுட்டுரு" என்றார் அண்ணன். பிறகு கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நெசத்துல முடிஞ்ச பொறகுதான் என்னைக் கூப்புடறாங்க. முன்னாடி போயி நின்னதே இல்ல."

"தொடறேன்" என்றேன்.

நீ பகடையைப் போட்டாய். பார்த்தாய். உன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் தெரிகிறது. பகடையைக் கையால் மூடி, "அடுத்த வாரம் சொல்றேன்க்கா" என்றாய்.

அடுத்த வாரம் உனக்கு மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. எட்டு மணி நேரப் பயணத்தில் ஒரு பள்ளிக்கூடம். போகும்போது காமிக்ஸைத் திருப்பிக் கொடுத்தாய், நான்கு பக்கம் இல்லாமல், லாரி என்ன ஆனது என்று நான் அதில் பார்த்துவிடக் கூடாதென்று. ஒரு வாளி மைசூர்பாகும் கொடுத்தாய். லஞ்சம்.

அண்ணன் எடைமேடைப் பக்கம் வரும்போதெல்லாம் கேட்கிறார். "லாரி நின்னுச்சாமா?" நேற்றும் கேட்டார். கணவாயில் ஒரு வண்டியைத் தூக்கிவிட்டு வந்திருந்தார், சட்டையெல்லாம் டீசல். "உன்னக் கொல்ல அவனுக்கு மனசு வரல போல" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அதனால்தான் கோபம் வருகிறது. மடையா, எடைக்காரி செத்தால் நான் புதுச்சீட்டில் இன்னொருத்தியை எழுதிக்கொள்வேன். அவருக்கு அந்த லாரி நிற்க வேண்டும். என் மேல் உள்ள பாசத்தில் நீ அதைச் சரிவிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

போன் பண்ணினால் பள்ளிக்கூடம், தேர்வு, சாம்பாரில் உப்பு என்று பேசுகிறாய். இதைக் கேட்டால் சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் இதை அச்சில் கேட்கிறேன். எனக்குத் தனியாக மெசேஜ் போடாதே. இது வந்த இதே பத்திரிகைக்கு எழுது, அண்ணன் படிக்கட்டும், எல்லாரும் படிக்கட்டும்.

அந்தப் பகடையில் என்ன எண் விழுந்தது?